மூதூரில் மறுத்த சோதனை: இயல்புநிலை மாறியபோது கையேட்டுக்கு நேர்ந்தது

திருகோணமலை உவர்மலையில் ஒரு வாசிகசாலையின் பின்னறையில் பழைய கோவில் மலர்கள், பாடசாலைச் சஞ்சிகைகள், சங்கங்களின் கூட்ட அறிக்கைகள் போன்றவற்றை ஸ்கேன் செய்து சேர்த்து வருகிறோம். தொகுப்பின் இரண்டாவது பிரதி கொட்டியாரக் குடாவின் மறுகரையில், மூதூரில் உள்ள ஒரு சிறு நிலையத்தில் இருக்கிறது. ஒரு கரைக்கு ஏதாவது நடந்தால் மற்றக் கரையில் மிஞ்ச வேண்டும் என்பது 2004 சுனாமியைப் பார்த்தவர்கள் எடுத்த முடிவு. இணையத்தில் அனுப்பக் கட்டுப்படியாகாத அளவு பெரிய கோப்புகள் என்பதால், வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றில் ஏற்றி பஸ்ஸில் கொண்டுபோகிறோம். 2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து அந்தப் பயணம் பெரிய விடயமாக இல்லை.

இரண்டு இடத்து இயந்திரங்களையும் அவற்றுக்கான கையேட்டையும் பார்த்துக்கொள்வது என் வேலை. இந்த ஆய்வு அந்தக் கையேட்டில் இருந்த ஒரே ஒரு வாக்கியத்தைப் பற்றியது:

“புது டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக வடிவமைக்கும்போது தனி விருப்பம் எதுவும் கொடுக்கத் தேவையில்லை, இயல்புநிலை அமைப்பே இரண்டு இயந்திரங்களுக்கும் பொருந்தும்.”

எக்ஸ்ட்4 என்பது டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் ஒரு லினக்ஸ் முறை, அதாவது கோப்பு முறைமை; நாம் ஒன்றும் சொல்லாவிட்டால் கருவி தானாக எடுத்துக்கொள்ளும் அமைப்பே இயல்புநிலை. வாக்கியம் எனக்கு முன் இந்தப் பொறுப்பில் இருந்தவர் எழுதியது. எழுதிய அன்று இரண்டு இடத்திலும் உபுண்டு 22.04 என்ற லினக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது; வாக்கியம் முழுக்கச் சரி. பிறகு உவர்மலை இயந்திரம் பழுதாகி, அதன் இடத்துக்கு இன்னும் புதிய லினக்ஸ் ஒன்று வந்தது. மூதூர் இயந்திரம் அப்படியே இருந்தது. கையேட்டில் ஒரு எழுத்தும் மாறவில்லை, ஆனால் அது சொன்னது மட்டும் பொய்யாகிவிட்டது.

நடந்தது

மாரி தொடங்கியிருந்த நேரம். மூதூரில் ஸ்கேன் ஆனவற்றை டிஸ்க்கில் ஏற்றிக்கொண்டிருந்தபோது கரண்ட் போனது. கணினியை யூபிஎஸ் தாங்கியது. வெளி டிஸ்க்கின் அடாப்டர் சுவர்ப் பிளக்கில் இருந்ததால் அது எழுதிக்கொண்டிருந்த பாதியில் நின்றது. இப்படி நடந்தால் என்ன செய்வது என்று கையேட்டில் தெளிவாக இருக்கிறது. டிஸ்க்கை உடனே மவுண்ட் செய்யக் கூடாது (அதாவது பாவனைக்கு ஏற்றக் கூடாது), முதலில் இ2எஃப்எஸ்சிகே சோதனையை ஓட்ட வேண்டும், அது சுத்தம் என்று சொன்ன பிறகுதான் தொடர வேண்டும். அங்கே வேலை பார்க்கும் தம்பி அதன்படியே செய்தார்.

சோதனைக் கருவி ஓட மறுத்தது. “ஃபீச்சர்_சி12” என்ற ஒன்றைத் தனக்குத் தெரியாது என்றது, புதிய பதிப்பைக் கொண்டுவரும்படி சொல்லிவிட்டு நின்றது.

தம்பி போன் எடுத்தார். “அக்கா, போன கிழமை வரைக்கும் இதே டிஸ்க் ஏறிச்சு, கொப்பியும் ஆச்சு. இப்ப செக் பண்ண விடுதில்லை. டிஸ்க் பழுதாப் போச்சோ?”

“இல்லைத் தம்பி, பழுதெண்டு இப்பவே சொல்ல ஏலாது. ஒண்டும் செய்யாமல் கழற்றி வையுங்கோ” என்றேன். அந்த நேரத்தில் இரண்டு தவறான வழிகள் திறந்திருந்தன. ஒன்று, சோதனையை விட்டுவிட்டு மவுண்ட் செய்து எழுத்தைத் தொடர்வது. மற்றது, டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டி அதை மறுபடி வடிவமைப்பது. இரண்டாவதைச் செய்திருந்தால் அந்தக் கிழமையில் மூதூரில் ஸ்கேன் ஆனவை போயிருக்கும், ஏனென்றால் அவற்றில் ஒரு பகுதி அந்த டிஸ்க்கில் மட்டுமே இருந்தது. கையேட்டை வரிக்கு வரி பின்பற்றிய ஒருவரைக் கையேடே அந்த இடத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தது. இந்த நிகழ்வை எழுதிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்குக் காரணம் அதுதான்.

ஏன் ஏறியது, ஏன் சோதிக்க முடியவில்லை

எக்ஸ்ட்4 கோப்பு முறைமையின் தலைப்பகுதியில், அதாவது சூப்பர்புளொக்கில், அந்த டிஸ்க் என்னென்ன அம்சங்களைப் பாவிக்கிறது என்ற குறிகள் இருக்கின்றன. அவை மூன்று வகை. முதல் வகையில் தெரியாத குறி இருந்தால் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைக் கண்டுகொள்ளாமல் வழக்கம்போல மவுண்ட் செய்யலாம். இரண்டாம் வகையில் தெரியாதது இருந்தால் வாசிக்க மட்டும் மவுண்ட் செய்யலாம், எழுதக் கூடாது. மூன்றாம் வகையில் தெரியாதது இருந்தால் தொடவே கூடாது.

சி12 என்பது முதல் வகையின் பன்னிரண்டாம் பிட். அதன் சரியான பெயர் ஓர்பன் ஃபைல். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும்போதே அழிக்கப்பட்ட கோப்புகளை எக்ஸ்ட்4 ஒரு தனிப் பட்டியலில் வைத்திருக்கும். இடையில் கரண்ட் போனால் அடுத்த முறை அந்தப் பட்டியலைப் பார்த்து இடத்தை விடுவிக்கும். பல செயல்கள் ஒரே நேரத்தில் கோப்புகளை அழிக்கும் பெரிய சேவையகங்களில், பழைய சங்கிலிப் பட்டியல் எல்லோரும் காத்துநிற்கும் ஒரு ஒடுங்கிய வாசலாக இருந்தது. அதற்குப் பதிலாக ஒரு தனிக் கோப்பை வைத்து அந்த நெரிசலைத் தீர்த்தார்கள். கெர்னல் 5.15இல் இது வந்தது. வடிவமைக்கும் கருவியும் சோதனைக் கருவியும் இருக்கும் பொதியான இ2எஃப்எஸ்புரோக்ஸின் 1.47.0 பதிப்பு 2023 பெப்ரவரியில் வந்தபோது, புதிதாக உருவாக்கும் எக்ஸ்ட்4 டிஸ்க்குகளில் இதை இயல்பாகவே சேர்க்கத் தொடங்கினார்கள்.

மூதூரில் இருந்த உபுண்டு 22.04இன் கெர்னல் 5.15. அதற்கு ஓர்பன் ஃபைல் தெரியும். ஆகவே டிஸ்க் ஏறியது, எழுதியது, வாசித்தது. ஆனால் அதே உபுண்டுவில் இருக்கும் இ2எஃப்எஸ்புரோக்ஸ் 1.46.5. அதற்குத் தெரியாது. மவுண்ட் செய்வது கெர்னலின் வேலை, சோதிப்பது வேறு பொதியில் இருக்கும் கருவியின் வேலை; இரண்டும் ஒரே இயந்திரத்தில் இருந்தாலும் ஒரே வயதில் இல்லை. கெர்னல் ஒரு குறியைத் தெரியாமல் விட்டுவிட்டுப் போகலாம். சோதனைக் கருவிக்கு அந்தச் சலுகை கிடையாது, ஏனென்றால் தெரியாத ஒன்று டிஸ்க்கில் இருக்கும்போது எது பழுது, எது அந்தப் புதிய அம்சத்துக்குச் சொந்தமானது என்று அதனால் பிரிக்க முடியாது. மறுத்தது சரியான நடத்தை. பிழையாகத் திருத்தியிருந்தால்தான் ஆபத்து.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது, பஸ்ஸில் டிஸ்க் கொண்டுபோகிறவர்களுக்கு இது முக்கியம். டிஸ்க் எழுதும் நிலையில் மவுண்ட் ஆகியிருக்கும்போது, ஓர்பன் கோப்பில் பதிவுகள் இருக்கக்கூடும் என்று சொல்லும் இன்னொரு குறி இரண்டாம் வகையில் ஏறிவிடும். ஒழுங்காகக் கழற்றினால் அது இறங்கிவிடும். ஆகவே 5.15க்கு முந்திய கெர்னல் உள்ள ஒரு இயந்திரத்தில், ஒழுங்காகக் கழற்றிய டிஸ்க் எழுதும் நிலையில் ஏறக்கூடும். அதே டிஸ்க் கரண்ட் போய் அறுந்து வந்தால் வாசிக்க மட்டுமே ஏறும். நல்ல நாளில் செய்யும் பரீட்சை எதுவும் இதைக் காட்டாது. “ஏற்றிப் பார்த்தோம், வேலை செய்தது” என்பதைப் பொருத்தத்துக்கு ஆதாரமாக எந்தக் கையேட்டிலும் எழுதக் கூடாது என்பது இப்போது என் உறுதியான கருத்து.

சரி, டிஸ்க்குக்கு என்ன ஆனது? அடுத்த நாள் புதிய லினக்ஸ் உள்ள யூஎஸ்பி ஒன்றை மூதூருக்குக் கொண்டுபோய் அதில் இயந்திரத்தைத் தொடங்கினோம். 1.47 பதிப்பின் சோதனைக் கருவி சிக்கலில்லாமல் ஓடி முடிந்தது. பாதியில் அறுந்த கோப்பை மறுபடி ஏற்றினோம், மற்றவை முழுமையாக இருந்தன. பிறகு, டிஸ்க்கைக் கழற்றிய நிலையிலேயே, டியூன்2எஃப்எஸ் கருவியால் ஓர்பன் ஃபைல் அம்சத்தை நீக்கினோம். அதன்பின் மூதூரின் பழைய கருவியும் அந்த டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. கிழமைக்கு ஒருமுறை ஒரே ஆள் எழுதும் டிஸ்க்குக்கு அந்த அம்சத்தால் கிடைக்கும் நன்மை ஏதும் இல்லை என்பதால் இழப்பும் இல்லை.

இயல்புநிலை எங்கே குடியிருக்கிறது

மாற்றம் ஒளித்துச் செய்யப்பட்டதல்ல. 1.47.0 பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பில் அது சொல்லப்பட்டிருந்தது. எந்த அம்சம் எந்தக் கெர்னலிலிருந்து கிடைக்கும் என்ற பட்டியலை எக்ஸ்ட்4 கையேட்டுப் பக்கத்தின் கடைசியில் பார்க்கலாம். அப்படியிருந்தும் எங்கள் வாக்கியம் ஏன் தவறிப்போனது என்று யோசித்தபோது, அதில் “இயல்புநிலை” என்று இருந்ததே தவிர, அது யாருடைய இயல்புநிலை என்று இல்லை என்பது புரிந்தது. கோப்பு முறைமைகளில் இயல்புநிலைகள் குறைந்தது மூன்று இடங்களில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் வேறுவேறு வேளையில் மாறும்.

முதலாவது, வடிவமைக்கும் கருவியின் இயல்புநிலை. எக்ஸ்ட்4இல் இதன் பெரும்பகுதி நிரலுக்குள் இல்லை. எட்ஸி அடைவில் எம்கேஇ2எஃப்எஸ்.கொன்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் இருக்கிறது. உபுண்டு போன்ற டெபியன் வழிவந்த லினக்ஸ்களில், நீங்கள் கைவைத்துத் திருத்திய அமைப்புக் கோப்பை மேம்படுத்தல் கேட்காமல் மாற்றாது. ஆகவே ஒரே பதிப்புள்ள இரண்டு இயந்திரங்களில் இரண்டு வேறு இயல்புநிலைகள் இருப்பது சாத்தியம். பதிப்பு எண்ணை மட்டும் எழுதிவைத்தாலும் போதாது என்பதற்கு இதுதான் காரணம்.

இந்த வகை இயல்புநிலைக்கு இன்னொரு குணம் உண்டு. அது டிஸ்க் பிறக்கும் கணத்தில் மட்டுமே பேசும். கருவியை மேம்படுத்தினால் ஏற்கெனவே உள்ள டிஸ்க்குகள் மாறாது. எங்கள் அலுமாரியில் ஒரே மாதிரி ஸ்டிக்கர் ஒட்டிய டிஸ்க்குகளில் சில பழைய இயல்புநிலையிலும் சில புதியதிலும் பிறந்தவை. எனவே கையேட்டில் பழைய வாக்கியத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதினால் அதுவும் பிழையே. பழைய டிஸ்க் ஒன்று பாவனையில் இருக்கும்வரை பழைய வாக்கியத்துக்கும் வேலை இருக்கிறது.

இரண்டாவது, மவுண்ட் செய்யும்போது கெர்னல் எடுத்துக்கொள்ளும் இயல்புநிலை. இதற்குச் சிறந்த உதாரணம் வாசிப்பு நேரம். ஒரு கோப்பைத் திறந்து படித்த ஒவ்வொரு முறையும் அதன் வாசிப்பு நேரம் புதுப்பிக்கப்படும் என்பதே பழைய யுனிக்ஸ் வழக்கம். 2009இல் வந்த 2.6.30 கெர்னலிலிருந்து ரிலேடைம் இயல்புநிலை ஆனது. அதாவது, முன்பிருந்த வாசிப்பு நேரம் கோப்பு கடைசியாக மாறிய நேரத்துக்குப் பிந்தியதாக இல்லாவிட்டால், அல்லது ஒரு நாளுக்கு மேல் பழையதாக இருந்தால் மட்டுமே புதுப்பிக்கப்படும். பழைய நடத்தை வேண்டுமென்றால் ஸ்ட்ரிக்ட்ஏடைம் என்று கேட்டுத்தான் பெற வேண்டும். இந்த வகை மாற்றம் டிஸ்க்கின் வயதைப் பார்க்காது. கெர்னலை மேம்படுத்தி மறுபடி தொடங்கிய நிமிடத்திலிருந்து எல்லா டிஸ்க்குக்கும் பொருந்தும். இங்கே பழைய வாக்கியத்தைத் துணிந்து அழிக்கலாம்.

எக்ஸ்ட்4க்கு முந்திய எக்ஸ்ட்3 காலத்தில் இதுவே இன்னும் சிக்கலாக இருந்தது. தரவை எந்த ஒழுங்கில் எழுதுவது என்ற அதன் இயல்புநிலையை 2.6.30இல் கெர்னலைக் கட்டும்போது தேர்ந்தெடுக்கும் விடயமாக ஆக்கினார்கள். அதன்பின் கெர்னல் பதிப்பு எண் மட்டும் பதிலைச் சொல்லாது. அதைக் கட்டியவர் என்ன தேர்ந்தார் என்றும் தெரிய வேண்டும்.

மூன்றாவது, டிஸ்க்கிலேயே எழுதப்பட்ட இயல்புநிலை. எக்ஸ்ட்4இன் சூப்பர்புளொக்கில் மவுண்ட் விருப்பங்களைப் பதிந்துவைக்கலாம். அவை டிஸ்க்கோடு பஸ்ஸில் ஏறி மறுகரைக்கும் போகும். எங்களிடம் இதனால் பிரச்சினை வரவில்லை, ஆகவே இதைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை.

எக்ஸ்ட்4 மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். எக்ஸ்எஃப்எஸ் என்ற இன்னொரு கோப்பு முறைமையின் கருவிகளின் 5.1 பதிப்பு, 2019இல், ரிஃப்ளிங்க் என்ற அம்சத்தை இயல்புநிலை ஆக்கியது. அப்படிப் பிறந்த டிஸ்க்கை சென்ட்ஓஎஸ் 7 என்ற பழைய லினக்ஸின் 3.10 கெர்னல் எழுதும் நிலையில் ஏற்காது. ஆனால் எக்ஸ்எஃப்எஸ்காரர் இதற்கு ஒரு நல்ல வழி வைத்திருக்கிறார்கள்: நீண்டகால ஆதரவுள்ள ஒவ்வொரு கெர்னலுக்கும் பொருந்தும் அம்சப் பட்டியலைத் தனித்தனி அமைப்புக் கோப்பாகக் கருவியோடேயே தருகிறார்கள். 5.4 கெர்னல் உள்ள இயந்திரத்துக்கு டிஸ்க் செய்கிறீர்களா, அந்தக் கோப்பைச் சுட்டினால் போதும். பிடிஆர்எஃப்எஸ் என்ற மற்றொரு கோப்பு முறைமையின் கையேட்டுப் பக்கங்களும் எனக்குப் பிடிக்கும். ஒரு அம்சத்தின் பக்கத்திலேயே எந்தக் கெர்னலிலிருந்து ஆதரவு, எந்தக் கருவிப் பதிப்பிலிருந்து இயல்புநிலை என்று இரண்டையும் பிரித்துச் சொல்கின்றன. உதாரணத்துக்கு, நோ-ஹோல்ஸ் அம்சத்துக்குக் கெர்னல் ஆதரவு 3.14இலிருந்து, இயல்புநிலை ஆனது 5.15 கருவிகளிலிருந்து. எங்கள் கையேட்டில் இல்லாமல் போனது சரியாக இந்த இரண்டாம் எண்தான்.

எங்கே விவரிக்கிறோம் என்பதும் பொருட்டானது. முன்பு எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஆகியவற்றின் மவுண்ட் விருப்பங்கள் எல்லாம் மவுண்ட் கட்டளையின் பொதுக் கையேட்டுப் பக்கத்தில் இருந்தன. அந்தப் பக்கம் யூடில்-லினக்ஸ் பொதியைச் சேர்ந்தது, கோப்பு முறைமையை எழுதுகிறவர்கள் வேறு. நிரலை மாற்றுகிறவர் ஒருவர், விவரத்தைத் திருத்த வேண்டியவர் இன்னொருவர் என்றால் விவரம் பின்தங்கத்தான் செய்யும். இப்போது மவுண்ட் பக்கம் அந்தந்தக் கோப்பு முறைமையின் சொந்தக் கையேட்டுப் பக்கத்துக்கு வாசகரை அனுப்புகிறது.

கையேட்டில் செய்த மாற்றம்

முதலில் கையேடு முழுவதிலும் “இயல்பாக”, “வழக்கமாக”, “தானாகவே” என்று வரும் வாக்கியங்களைத் தேடி எடுத்தோம். எல்லாம் ஒரே அளவு ஆபத்தானவை இல்லை. நீண்ட நாள் யாரும் திறக்காத ஸ்கேன்களைக் கண்டுபிடிக்கும் ஒரு சிறு நிரலின் விளக்கத்தில், “கோப்பைப் படித்தாலே வாசிப்பு நேரம் மாறும்” என்று இருந்தது. 2009இலிருந்தே அது பிழை. ஆனாலும் நிரல் கேட்பது மாதக் கணக்கு. ரிலேடைம் ஒரு நாள் துல்லியத்தைக் காப்பாற்றுவதால் விடை சரியாகவே வந்துகொண்டிருந்தது. உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது: டிஸ்க்குகளை எப்படி மவுண்ட் செய்வது என்று சொல்லும் மூதூரின் எஃப்ஸ்டாப் கோப்பில், வாசிப்பு நேரத்தைப் புதுப்பிக்கவே வேண்டாம் என்னும் நோஏடைம் விருப்பத்தை யாரோ போட்டிருந்தார்கள். அங்கே அந்த நிரல் ஓடியிருந்தால் தினமும் திறக்கப்படும் கோப்புகளையும் யாரும் தொடாதவை என்று பட்டியலிட்டிருக்கும்.

வடிவமைக்கும் பகுதியில் அந்தப் பழைய வாக்கியத்தின் இடத்தில், வேண்டிய அம்சங்களைக் கட்டளையிலேயே வெளிப்படையாகச் சொல்கிறோம். ஓர்பன் ஃபைல் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று கட்டளையில் இருக்கும். அதன் கீழே காரணமும் இருக்கும்: மூதூர் இயந்திரத்தில் சோதனைக் கருவி 1.46.5 இருக்கும்வரை. காரணம் இல்லாமல் விருப்பத்தை மட்டும் எழுதினால், மூதூர் மாறிய பிறகும் பல வருடங்களுக்கு அது அர்த்தமில்லாமல் தொடரும். நீக்கும் நிபந்தனையையும் சேர்த்து எழுதிய வாக்கியம், தான் எப்போது காலாவதியாகும் என்று தானே சொல்லிவிடும்.

ஒவ்வொரு டிஸ்க்குக்கும் ஒரு பதிவு வைத்தோம். டம்ப்இ2எஃப்எஸ் கருவியிடம் தலைப்பகுதியைக் கேட்டால் அம்சப் பட்டியலைத் தரும்; அதை டிஸ்க் பிறந்த நாளிலேயே பதிவில் ஒட்டுகிறோம். “இயல்புநிலையில் செய்தது” என்று எழுதுவதை நிறுத்திவிட்டோம். டிஸ்க்கில் உண்மையில் என்ன இருக்கிறதோ அதுவே பதிவில் இருக்கும்.

மிகவும் பயன்பட்டது ஒரு சிறு சோதனை. எக்ஸ்ட்4 வடிவமைப்புக் கருவியைச் சாதாரணக் கோப்பொன்றின் மீதும் ஓட்டலாம், நிர்வாகி உரிமை வேண்டியதில்லை. ஒவ்வொரு மேம்படுத்தலுக்குப் பிறகும் வெறுமையான ஒரு கோப்பை உருவாக்கி, எந்த விருப்பமும் இல்லாமல் வடிவமைத்து, கிடைக்கும் அம்சப் பட்டியலை முன்பு சேமித்ததோடு ஒப்பிடுகிறோம். வேறுபாடு இருந்தால் கையேட்டைத் திருத்தும் வரை புது டிஸ்க் எதையும் செய்வதில்லை. இதில் ஒரு இடறு இருக்கிறது: கருவி அளவைப் பார்த்து அமைப்பைத் தேர்ந்துகொள்ளும். 512 மெகாபைட்டுக்குக் குறைந்தால் ஒரு வகை, 4 டெராபைட்டிலிருந்து வேறு வகை, 16 டெராபைட்டிலிருந்து இன்னொன்று. ஆகவே சோதனைக் கோப்பு உண்மையான டிஸ்க்கின் அளவையே காட்ட வேண்டும். உள்ளே எழுதாத பகுதிக்கு இடம் பிடிக்காத கோப்பாக அதை உருவாக்கினால் 2 டெராபைட் என்று காட்டினாலும் டிஸ்க்கில் கொஞ்ச இடமே போகும்.

மேம்படுத்துகிறவரும் கையேட்டைத் திருத்துகிறவரும் வேறுவேறு ஆட்களாக இருந்தால் இது நீடிக்காது என்பது என் எண்ணம். அதனால் உவர்மலையில் மேம்படுத்தும் ஆள் அந்த ஒப்பீட்டின் வெளியீட்டைக் கையேட்டோடு சேர்த்த பிறகுதான் வேலை முடிந்ததாகக் கணக்கு. மூதூரில் தம்பி இதைத் தன் பக்கத்திலும் செய்கிறார். சோதனைக் கருவி மறுத்தால் என்ன செய்வது என்ற பந்தியை அவரே எழுதினார். டிஸ்க் பழுது என்று முடிவெடுக்கும் முன், மறுத்தது எந்தக் குறிக்காக என்று குறித்துக்கொண்டு, அந்த டிஸ்க்கின் பதிவோடு ஒப்பிட வேண்டும் என்பது அதன் முதல் வரி. அடாப்டரை யூபிஎஸ்ஸில் செருக வேண்டும் என்பதும் அதே பந்தியில் சேர்ந்துவிட்டது.

உபுண்டு 22.04இன் வழக்கமான ஆதரவு 2027இல் முடிகிறது. மூதூர் இயந்திரத்தை அதற்குள் மாற்ற வேண்டியிருக்கும். அப்போது ஓர்பன் ஃபைலைத் தடுக்கும் விருப்பத்தைக் கட்டளையிலிருந்து எடுத்துவிடலாம்; அலுமாரியில் இருக்கும் பழைய டிஸ்க்குகளில் அதைப் புதிதாகச் சேர்க்க வேண்டியதில்லை என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு, அந்த முடிவையும் கையேட்டில் எழுதியிருக்கிறோம்.